நான் பார்க்காத ஊருக்கு நான்தான் வழி சொல்கிறேன்

போனில் வழி சொல்லிப் பிழைக்கும் தொழிலில் ஒரே ஒரு வசதி உண்டு: கேட்கிறவர் வழி தவறிக் காட்டுக்குள் போனாலும் நாம் நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டியதில்லை.

காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்களிடம் நாள் முழுக்கச் சிரித்த குரலில் பேசிச் சம்பளம் வாங்கும் சக பாவிகளே, உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்! திட்டு வாங்கினாலும் நன்றி சொல்லித்தான் போனை வைக்க வேண்டும் என்பது உங்களுக்கும் தெரியும். ஆனால் நீங்கள் வங்கி அட்டைக்கும் வாஷிங் மெஷினுக்கும் பதில் சொல்கிறீர்கள். நான் ஓர் ஊருக்கே பதில் சொல்கிறேன். அதுவும் பிரான்சில் இருக்கிற ஊர்.

என் பெயர் மாலா. வீடு யாங்கோனில் தாகேதா பகுதியில், வேலை அதே ஊரின் லத்தாவில். முன்பு பிரெஞ்சுக்காரப் பயணிகளுக்கு வழிகாட்டியாக இருந்தேன். பகோடா என்கிற புத்தர் கோயில் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போய், செருப்பைக் கழற்றச் சொல்லி, கழற்றிய செருப்பை அவர்கள் தொலைத்த பிறகு தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு பயணிகள் வருவது நின்றுபோனது. பிரெஞ்சு மட்டும் கையில் மிஞ்சியது. அப்போதுதான் டோ சான் என்ற அம்மா, கருவாட்டு மொத்தக்கடைக்கு மேலே தகரக் கூரை போட்ட மாடியில் ஓர் ஆபீஸ் திறந்து என்னைக் கூப்பிட்டார். பிரான்சில் விடுமுறை வீடுகளை வாடகைக்கு விடுகிற ஒரு கம்பெனிக்கு வரும் போன்களெல்லாம் இங்கே வந்து விழும். எங்கள் ஊரை அவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தவள், இப்போது அவர்கள் ஊரை அவர்களுக்கே காட்டுகிறேன்.

என் பங்குக்கு வந்தது ஒரு சின்ன கிராமம். அதன் நிஜப் பெயரை எழுதினால் வேலை போய்விடும். ஆபீசில் நாங்கள் அதை 'யுவா' என்போம். பர்மிய மொழியில் கிராமம் என்று அர்த்தம், அவ்வளவுதான். ஒரு பள்ளத்தாக்கு, நடுவில் ஓடை. ஓடைக்கு ஒரு பக்கம் வெயில் சரிவு, மறுபக்கம் நிழல் சரிவு. மேட்டில் கோதுமை, தாழ்வில் மாடு. ஒரு தேவாலயம், ஒரு ரொட்டிக்கடை, முச்சந்தியில் ஒரு சாப்பாட்டு விடுதி, ஒரே வகுப்பு உள்ள ஒரு பள்ளிக்கூடம். முன்பு கல்குவாரியும் ரயிலும் இருந்தபோது ஜனம் நிறைய இருந்ததாம். குவாரியை மூடினார்கள். தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டுச் சைக்கிள் பாதை போட்டார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தையும் மூடப் பார்த்தார்கள் என்பதுதான் நான் சொல்லப்போகிறவற்றில் பெரிய விஷயம். சின்ன விஷயங்களிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

மணி இரண்டு தடவை அடிக்கிறது

வேலைக்குச் சேர்ந்த புதிது. பாரிசிலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு மனிதர் கொதித்துப்போய் போன் செய்தார். தேவாலய மணி காலை ஏழுக்கு ஏழு தடவை அடித்ததாம். இரண்டு நிமிஷம் கழித்து மறுபடியும் ஏழு தடவை அடித்ததாம். எட்டுக்கும் இதே கூத்து. "மணி பழுது, ஆளை அனுப்புங்கள்" என்றார். எங்கள் ஊரில் எது இரண்டு தடவை ஓடினாலும் பழுதுதானே! "உடனே மெக்கானிக்கை அனுப்புகிறேன், ஐயா" என்று வாக்குக் கொடுத்துவிட்டு மதாம் லூசெட்டைக் கூப்பிட்டேன்.

லூசெட்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐம்பதைத் தாண்டியவள். யுவாவில் உள்ள வாடகை வீடுகளின் சாவியெல்லாம் அவளிடம். மதியம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுவாள், அதுதான் அவளுக்கு நிலையான சம்பளம். மற்ற நேரத்தில் இந்த வீடுகளைத் துடைத்துப் பெருக்குவாள். போனை எடுத்தால் வைக்கத் தெரியாதவள். மெக்கானிக் என்றதும் அவள் சிரித்த சிரிப்பில் என் காது அடைத்தது. அங்கே பல கிராமங்களில் மணியை இரண்டு தடவை அடிப்பது வழக்கமாம். வயலில் வேலை செய்கிறவர்கள் முதல் தடவை எண்ணத் தவறினால், அடுத்ததில் எண்ணிக்கொள்வார்களாம். என்ன அக்கறை பாருங்கள்! நான் அந்த மனிதரிடம் பெருமையோடு இதைச் சொன்னேன். அவர் சொன்னார்: "நான் ரெண்டு தடவையும் எண்ணத் தவறிட்டேன் மதாம், மூணாவது தடவையும் அடிக்கச் சொல்லுங்க."

தொட்டியில் இறங்கிய குடும்பம்

ஓடைக்கரையில் ஒரு கல் தொட்டி. மேலே ஓட்டுக்கூரை, உள்ளே தெளிந்த தண்ணீர், சுற்றிலும் சாய்வான கல் விளிம்பு. போட்டோவில் பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். கோடையில் குழந்தைகளோடு வந்திருந்த ஓர் அம்மா, "அந்தத் தொட்டி எதுக்கு?" என்று கேட்டார். தாகேதாவில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதில் என்ன சந்தேகம்! தெருக்குழாயிலும் தொட்டியிலும் லுங்கியை மார்புக்கு மேலே கட்டிக்கொண்டு குளித்துப் பழகிய ஜனம் நாங்கள். "குளிக்கத்தான் மதாம், சோப்பை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்" என்றேன்.

அவர்கள் போனார்கள். குடும்பத்தோடு இறங்கினார்கள். சோப்பும் போட்டார்கள். ரொட்டிக்கடைக்குப் போன ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் ரொட்டியைக் கையில் பிடித்தபடி நின்று பார்த்தார்களாம். அது அந்தக் காலத்தில் பெண்கள் துணி துவைத்த தொட்டி. இன்றைக்கு யாரும் துவைப்பதில்லை, பூச்செடி வைத்து அழகு பார்க்கிறார்கள். லூசெட் போன் செய்தபோது நான் வெட்கத்தில் மேஜைக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது. அவளுக்கோ கோபமே இல்லை: "எங்க மாமியார் காலத்துலேர்ந்து அதுல அழுக்குத் துணி மட்டும்தான் இறங்குச்சு மாலா, மனுஷங்க இறங்கினது இதுதான் முதல் தடவை."

மழைச் சத்தம்

எங்களுக்கு இரண்டு கட்டளைகள் உண்டு. எங்கேயிருந்து பேசுகிறோம் என்று சொல்லக்கூடாது. போனில் பிரெஞ்சைத் தவிர வேறு மொழியில் வாய் திறக்கக்கூடாது. இதை நான் ஒழுங்காகத்தான் காப்பாற்றி வந்தேன். ஜூன் மாதத்து மழை காப்பாற்றவில்லை. எங்கள் தகரக் கூரையில் மழை இறங்கினால் பக்கத்து நாற்காலியில் பேசுவதுகூடக் காதில் விழாது. லூசெட் கேட்டாள், "உன் ஆபீசுல யாராவது கூழாங்கல் கொட்டுறாங்களா?" மழை என்றேன். "பிரான்ஸ் முழுக்க வெயில்னு இப்பத்தான் டிவியில சொன்னான். நீ எங்கேதான் இருக்கே?" என்றாள். இனி மறைத்து என்ன! சொல்லிவிட்டேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். பெருமூச்சு விட்டாள். அன்றைக்குக் காலையில்தான் அவளுக்குச் சேதி வந்திருந்தது. பெரிய பிள்ளைகள் இரண்டு பேர் படிப்பு முடித்து வெளியேறுகிறார்கள். அவர்கள் இடத்துக்குப் புதிதாக இரண்டு பேர் வராவிட்டால் வகுப்பை மூடிவிடுவார்கள். ஒரு வருஷம் தவணை. பள்ளி போனால் லூசெட்டின் சமையல் வேலை போகும். பிள்ளைகளை விட வருகிற அம்மாக்கள் வாங்கும் ரொட்டியை நம்பித்தான் ரொட்டிக்கடை. அதுவும் போகும். அவள் நகரத்தில் மகள் வீட்டு சோபாவில் போய்ப் படுக்க வேண்டியதுதான். "அங்கே குடிவர யாரும் வந்து கேட்கவில்லையா?" என்றேன். அதற்கு அவள் சொன்னது: "இந்த ஊரைப் பத்தித் தினமும் விசாரிக்கிற ஒரே ஆள் நீதான், நீயும் யாங்கோன்ல இருக்கே."

பிள்ளைகள் கேட்ட கேள்வி

லூசெட் வாயில் எதுவும் தங்காது. மறுநாளே டீச்சரிடம் அவள் சொல்ல, பிள்ளைகளெல்லாம் உலகப் படத்தில் யாங்கோனைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள். மதிய சாப்பாட்டு நேரத்தில் போனை நடுவில் வைத்துக்கொண்டு என்னைக் கேள்வியாய்க் கேட்டார்கள். யானை உண்டா? உண்டு, ஆனால் என் தெருவில் இல்லை. காலையில் என்ன சாப்பிடுவீர்கள்? மீன் குழம்பு ஊற்றின நூடுல்ஸ். சீ என்று ஒரு கூச்சல். உங்கள் ஊரில் பள்ளிக்கூடத்தை மூடுவார்களா? எங்கள் வார்டில் பெஞ்சுக்கு ஆறு பேர் நெருக்கியடித்து உட்காருகிறார்கள், பிள்ளைகளுக்கு இடம்தான் பத்தாது என்றேன். பிறகு ஒரு சின்னக் குரல் ரொம்ப நியாயமாகக் கேட்டது: "அப்போ எங்களுக்கு ரெண்டு பேரை அனுப்பலாமில்ல?"

கொஞ்சம் பொறும்

அதற்கப்புறம் யார் போன் செய்தாலும், "குழந்தைகள் உண்டா? எந்த வயசு? நிரந்தரமாகத் தங்குகிற உத்தேசம் உண்டா?" என்று நான் விசாரிக்க ஆரம்பித்தேன். வாரக் கடைசிக்கு வருகிற காதலர்களைக்கூட விட்டுவைக்கவில்லை. புகார் போனது. டோ சான் கண்டித்தார். நான் நிறுத்தவில்லை.

யுவாவில் வருஷ வாடகைக்கு ஒரே ஒரு வீடுதான் காலி. நிழல் சரிவில் இருக்கிற கல் வீடு. குளிர்காலம் மூன்று மாதமும் அதன் மேல் வெயில் ஒரு துளி விழாது. லூசெட் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள், "யார் கேட்டாலும் வெயிலைப் பத்தி நீயா வாயைத் திறக்காதே." ஒரு நாள் ஒரு மனிதர் அந்த வீட்டைக் கேட்டு போன் செய்தார். பாரிசில் சமையல்காரர். முச்சந்தி விடுதிக்கு ஆள் தேவை என்று விளம்பரம் பார்த்திருக்கிறார். மனைவி உண்டு, கைக்குழந்தை ஒன்று, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு. இரண்டு! அப்போது அவர் போனிலிருந்து முகத்தைத் திருப்பி யாரிடமோ சொன்னார், "கொஞ்சம் பொறும் கவிதா, ஆள் கதைக்குது." தமிழ்! யாழ்ப்பாணத்துத் தமிழ்! கட்டளையாவது மண்ணாவது. "தம்பி, நீங்க தமிழா?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் பெயர் சிவநேசன். "அக்கா, நீங்கள் எங்கயிருந்து கதைக்கிறியள்?" என்று மூன்று தடவை கேட்டார். யாங்கோன் என்றால் நம்பவில்லை. நம்பின பிறகு சிரிப்பு நிற்கவில்லை. அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு எனக்கு மறைக்க மனசு வரவில்லை. லூசெட்டின் முகம் கண்ணுக்கு முன்னால் நின்றது, அந்தப் பிள்ளைகளின் குரலும்தான். இருந்தாலும் சொல்லிவிட்டேன்: தம்பி, அந்த வீட்டுக்கு மூன்று மாதம் வெயில் வராது, சுவரெல்லாம் சில்லென்று இருக்கும், நல்லா யோசித்துக்கொள்ளுங்கள். போச்சு, வைத்துவிடுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் சொன்னது இது: "நான் பத்து வரியமா நிலத்துக்குக் கீழ இருக்கிற குசினியில நிக்கிறன் அக்கா, மிச்சம் ஒன்பது மாதமும் வெயில் வருமெண்டால் அதுவே எனக்குப் பெரிய லாபம்."

முதலாளியின் காது

நான் தமிழில் கத்திக்கொண்டிருந்தபோது டோ சான் எதிர் மேஜையில்தான் இருந்தார். அவருக்கு அப்பா பர்மியர், அம்மா தமிழ். பேச வராதே தவிர, ஒரு சொல் விடாமல் புரியும். நான் போனை வைத்துவிட்டுத் தலை குனிந்து நின்றேன். அவர் டீயை ஆற அமரக் குடித்து முடித்தார். கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். பிறகு பர்மிய மொழியில் சொன்னார்: "எனக்கு ஒண்ணும் புரியல மாலா, ஆனா ஸ்கூல் பிள்ளைங்க ரெண்டுன்னு சொன்னாரே, அந்த ஆளை விட்டுடாதே."

திரைச்சீலை

சிவநேசனுக்கு வெயிலைப் பற்றிக் கவலை இல்லை. அவர் கவலை வேறு. மறுநாள் கூப்பிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார், "அக்கா, அங்க எங்கட பிள்ளையளை எப்பிடிப் பாப்பினம்?" இதற்கு நான் என்ன சொல்ல? ரொட்டிக்கடைக்கு எந்தக் கிழமை விடுமுறை, எந்தப் பாலத்தில் லாரி போகாது, எல்லாம் தெரியும். ஒரு கறுத்த பிள்ளை அந்தத் தெருவில் நடந்து போனால் ஜனங்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பது எந்தப் போட்டோவிலும் இல்லை. நானே நாலு தலைமுறையாக இங்கே இருந்தும், 'எந்த ஊர்க்காரி நீ?' என்று இன்னும் கேட்கப்படுகிறவள். பொய் சொல்ல வாய் வரவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

லூசெட்டிடம் அப்படியே கேட்டேன், சுற்றி வளைக்காமல். எப்போதும் படபடவென்று பேசுகிறவள் இந்தத் தடவை யோசித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள், நான் அதை ஒரு வார்த்தை மாற்றாமல் சிவநேசனுக்குச் சொன்னேன்: "முதல் வாரம் எல்லாரும் திரைச்சீலையை விலக்கிப் பார்ப்போம், பக்கத்து ஊர்லேர்ந்து கல்யாணம் பண்ணி வந்தப்ப என்னையும் அப்படித்தான் பார்த்தாங்க, யாராவது ஒருத்தன் அசிங்கமா ஏதாவது சொல்லுவான், அவனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

சமையலறையில் கவிதா

பிப்ரவரியில் அவர்கள் வீட்டைப் பார்க்க வந்தார்கள். பாழாய்ப்போன மூடுபனி அன்றைக்குத்தான் இறங்க வேண்டுமா! தூறல் வேறு. இங்கே எனக்குச் சோறு இறங்கவில்லை. கீழே கருவாட்டுக்கடையில் லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறார்கள், தெருவெல்லாம் ஒரே கூப்பாடு. போன் வந்தது. லூசெட் கிசுகிசுத்தாள், "அவரு பிள்ளைங்களோட மாடியைப் பார்க்கிறாரு. அந்தப் பொண்ணு சமையலறையில நின்னு அழுவுறா மாலா. எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல. நீ பேசு." போனைக் கவிதாவிடம் கொடுத்துவிட்டாள்.

முகம் தெரியாத பெண். அழுகிறாள். எனக்கு வந்தது, "அழாதம்மா" ஒன்றுதான். அவள் மூக்கை உறிஞ்சினாள். "அக்கா, சந்தியிலயிருந்து நடந்து வந்தம். ஒரு மனிசரையும் காணேல்லை. இங்க ஆரோட கதைக்கிறது? நீங்கள் சொல்லுங்கோ, இது நல்ல ஊரோ?" நல்ல ஊர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாள் முழுக்க அதைச் சொல்லித்தானே சம்பளம் வாங்குகிறேன். சொல்லவில்லை. "எனக்குத் தெரியாதும்மா, நான் அந்த ஊரைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அங்கே எனக்குத் தெரிந்தது உன் பக்கத்தில் நிற்கிற அந்த ஒரு அம்மாவைத்தான். அவ பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டா. ஒரு தடவை எனக்குக் காய்ச்சல்னு கேள்விப்பட்டு ரெண்டு வாரம் தினமும் போன் பண்ணினா. வேற எதுக்கும் நான் பொறுப்பு சொல்ல முடியாது" என்றேன்.

அந்தப் பக்கம் லூசெட் அடுப்பு பற்றவைக்கிற சத்தமும், பாத்திரத்தில் தண்ணீர் விழுகிற சத்தமும் கேட்டன. அவள் பாட்டுக்குக் காப்பி போட ஆரம்பித்துவிட்டாள். கவிதா அதைப் பார்த்துக்கொண்டே பேசியிருக்க வேண்டும், குரல் தெளிந்திருந்தது: "ஒரு ஆள் இருந்தால் காணும் அக்கா, பாரிசில எனக்கு அதுவும் இல்லை."

செப்டம்பர்

ஈஸ்டருக்குக் குடி வந்தார்கள். செப்டம்பரில் வகுப்பை மூடாமல் திறந்தார்கள், மூடுகிற பேச்சை எடுத்த கல்வி ஆபீஸ்காரர் வந்து கைதட்டிவிட்டுப் போனாராம். லூசெட் இன்னும் பள்ளியில் சமைக்கிறாள். திரைச்சீலைகள் விலகத்தான் செய்தன. ஒருத்தன் அசிங்கமாகப் பேசத்தான் செய்தான். லூசெட் அவனுக்குச் சொன்ன பதிலை எழுதினால் இந்தத் தாள் கருகிவிடும். சிவநேசனின் மூத்த மகள் மதிய இடைவேளையில் லூசெட்டின் போனைப் பிடுங்கி என்னோடு பேசினாள். பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். பின்னால் பிள்ளைகளின் கூச்சல், பந்து சுவரில் படுகிற சத்தம். அவள் கூச்சலுக்கு மேலே கத்திச் சொன்னாள்: "அன்ரி, இங்க எல்லாருக்கும் என்ர பேர் தெரியும்!"

அன்றைக்கு ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, எதிர் மேஜையில் டோ சான் பார்க்கப் பார்க்கக் கொஞ்சம் அழுதேன், சிரிக்கவும் சிரித்தேன், பிறகு அடுத்த போனை எடுத்து, வெந்நீர் வரவில்லை என்று கத்திய ஒரு பெல்ஜியக்காரரிடம் வழக்கம்போல் நன்றி சொல்லி வைத்தேன்.